போர்த் தண்ணீர் என்று சொன்னேன்

என் தங்கை இறந்த நான்காம் நாள் மதியம் அவளுடைய தாடையின் சத்தத்தை மீண்டும் கேட்டேன்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு உணவு மேசை சிறியது. இருவர் எதிரெதிரே அமர்ந்தால் நிறைந்துவிடும். உறவினர் வீட்டிலிருந்து வந்த ரசச்சோற்றின் முதல் வாயை மென்றபோது எதிர்ப்புறத்திலிருந்து 'டக்' என்றது. காய்ந்த புளியம்பழத்தின் ஓட்டை இரண்டு விரலால் நெரித்தால் வரும் ஒலி. அவளுடைய கீழ்த்தாடை சற்று முன்னே தள்ளியிருந்தது. கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று சரியாகத் தொடுவதில்லை. மெல்லும்போது தாடை தன் பொருத்திலிருந்து சிறிது நழுவி, மீண்டும் இடத்தில் வந்து விழும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வேளைதோறும் நான் கேட்டுப் பழகிய ஒலி அது.

மெல்லுவதை நிறுத்தினேன். ஒலியும் நின்றது. தெருவில் ஒரு மினி லாரி போயிற்று. எதிர் நாற்காலியின் முதுகில் அவளுடைய துண்டு மடித்தபடி கிடந்தது. மறுபடி மென்றேன். மறுபடி 'டக்'.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒலி என்றால் அதற்கு ஒரு மூலம் இருந்தாக வேண்டும். அன்று அந்த மூலத்தைத் தேட எனக்குத் துணிவு வரவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனேன்.

அவளுக்கு இருந்தது பிறவியிலேயே வரும் எலும்பு நொறுங்கும் நோய். தும்மியதில் விலா எலும்பு முறிந்ததுண்டு. பேருந்துப் படியில் கால் வைத்ததில் தொடையெலும்பு முறிந்ததுண்டு. கண்ணின் வெள்ளையில் மெல்லிய நீலம் படர்ந்திருக்கும். இவற்றையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது தன் வாய். அந்த நோய் சிலருக்குப் பல்லையும் விடுவதில்லை. அவளுடைய பற்கள் சாம்பலும் தேனும் கலந்த நிறத்தில் இருந்தன. மேற்பூச்சு சிறுவயதிலேயே உதிர, அடிப்பகுதி தேய்ந்துகொண்டே வந்தது. வெயில் பட்டால் ஒளி அந்தப் பற்களுக்குள் புகுந்து தங்குவது தெரியும்.

எங்கள் அம்மா அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். போர்த் தண்ணீர் என்று நாங்கள் சொல்லும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் எங்கள் பக்கத்தில் பல்லில் கறை படிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். தங்கையின் பல்லைப் பற்றி யார் கேட்டாலும் "தண்ணி அப்படி" என்பது எங்கள் வீட்டு விடை. எலும்பு முறிந்தால் "வழுக்கி வுழுந்துட்டா." அவளுக்கு வரன் பார்த்த காலத்தில் தோன்றிய இந்த இரு வாக்கியங்கள், வரன் பார்ப்பது நின்றுபோன பிறகும் எங்கள் வாயைவிட்டுப் போகவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல், யோசிக்காமல் சொல்வோம்.

அவள் நூலகராக இருந்தாள். நைனார்பாளையத்தில் பல ஆண்டுகள், நடுவில் இரண்டாண்டு வெள்ளிமலையில். புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டுதான் யாருடனும் பேசுவாள். நாளிதழ் படிக்க வரும் பெரியவர் ஒருவர் கேட்டாராம்:

"இன்னாம்மா நீ, எப்பப் பாத்தாலும் வாய மூடிக்கினே பேசற?"

"சத்தம் போடக்கூடாதுன்னு போர்டு மாட்டிட்டு நானே போட்டா நல்லா இருக்குமாங்க?"

இதை என்னிடம் சொன்னபோதும் தலைப்பு வாயில்தான் இருந்தது.

வெள்ளிமலையில் மட்டும் வேறு மாதிரி. ஒரு சனிக்கிழமை அவளைப் பார்க்க மலைப் பேருந்தில் போயிருந்தேன். கடைத்தெருவில் சாமை விற்றுக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி, வெயிலுக்கு முகம் கொடுத்து நின்ற என் தங்கையின் வாயை உற்றுப் பார்த்தாள்.

"இன்னா தாயி, பல்லுக்குள்ள வெளிச்சம் பூந்துக்கினு போவுது? தேன் குடிச்சிக்கினே பொறந்தியா?"

நான் பதறிப்போனேன். தங்கை தலைப்பை வாய்க்குக் கொண்டுபோகக்கூட இல்லை.

"ஆமாம்மா. கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கேன். ஒனக்கு வேணுமா?"

இருவரும் சிரித்தார்கள். சற்று நேரத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. ஊன்றுகோலுடன் எனக்கு முன்னே நடந்த அவளைப் பனி முழுமையாக மறைத்தது. எதையோ நினைத்து அவள் மறுபடி சிரித்தாள். வாய் திறந்த, பொத்தப்படாத சிரிப்பு. யாரும் இல்லாத வெண்மையிலிருந்து அது வந்தது. அவள் குரல் என்று அறிவதற்கு எனக்குச் சில கணங்கள் ஆயின. அதுவரை அந்தச் சிரிப்பை நான் முழுதாகக் கேட்டதில்லை.

போன ஆண்டு கோடையில் அவளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சீழ் வைத்தது. கன்னம் வீங்கி, பேச முடியாத நிலை. சேலம் சாலையில் மருந்துக்கடை மாடியில் இளம் பல் மருத்துவர் ஒருவர் புதிதாக மருத்துவமனை வைத்திருந்தார். வெளியூர்ப் பெண். அழைத்துப் போனேன்.

அந்த அறைக்கும் நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஒரு துணித் திரை மட்டுமே. பெஞ்சில், எங்கள் சின்னம்மா மகன் தன் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச நினைத்திருந்த வீட்டு அம்மாள் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து நலம் விசாரித்தார்.

மருத்துவர் அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டார்: "சுகர், பிபி, வேற ஏதாச்சும் நோய் இருக்குங்களா? தொடர்ந்து மருந்து, ஊசி எதாவது?"

தங்கை என்னைப் பார்த்தாள். ஆண்டுக்கொரு முறை புதுச்சேரிக்குப் போய், எலும்பை உறுதியாக்கும் மருந்தை நரம்பு வழியே ஏற்றிக்கொள்பவள் அவள். அந்த மருந்து எடுப்பவர்கள் பல் பிடுங்குமுன் சொல்ல வேண்டும் என்று அங்கே எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார்கள்.

"ஒன்றும் இல்லை" என்றேன்.

"பல்லு ஏன் இந்தக் கலர்ல இருக்கு?"

"போர்த் தண்ணீர்."

"இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு அதாங்க சார்" என்று எழுதிக்கொண்டார்.

தங்கையின் ஊன்றுகோல் தரையில் ஒரு முறை தட்டியது. திரும்பிப் பார்த்தேன். அவள் கை வாயைப் பொத்தியிருந்தது. கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தத் தட்டலின் பொருள் எனக்குப் புரிந்தது. புரியாதவன்போல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பல்லைப் பிடுங்கினார்கள்.

மறுநாள் அவள் சொன்னாள்: "நீ சொல்லவே இல்லியேண்ணா."

"அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொள்ளலாம்."

அடுத்த முறை போனோம். அதற்கடுத்த முறையும் போனோம். பல் இருந்த குழி மூடவில்லை. மருத்துவர் கழுவினார், மருந்து வைத்தார், ஏன் ஆறவில்லை என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இரண்டு முறையும் பெஞ்சில் யாராவது இருந்தார்கள். இரண்டு முறையும் நான் சொல்லவில்லை. வாரங்கள் போனதும் குழிக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். தாடையெலும்பு. உயிருள்ள ஒருவரின் எலும்பை வெளிச்சத்தில் பார்ப்பது முறையற்ற செயல் என்று அப்போது தோன்றியது. டார்ச்சை அணைத்தேன்.

புதுச்சேரியில் மூத்த மருத்துவர் விளக்கினார். அந்த மருந்து எடுப்பவர்களில் மிகச் சிலருக்கே இப்படி ஆகும். முன்கூட்டித் தெரிந்திருந்தால் பல்லைப் பிடுங்காமல் காக்கப் பார்த்திருப்பார்கள். பிடுங்கியே ஆக வேண்டுமானால் வேறு முறையில் செய்திருப்பார்கள். "அப்பவும் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். உறுதியா எதுவும் சொல்ல முடியாது" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அதன்பின் அவள் மேசைக்கு வரவில்லை. வாயிலிருந்து நாற்றம் வருவதாக அவளே முடிவு செய்துகொண்டு கூழைத் தன் அறையில் குடித்தாள். பேச்சும் கதவுக்கு அப்பால்தான். ஒரு நாள் கதவுக்குப் பின்னிருந்து சொன்னாள்:

"எனக்காக நீ கல்யாணமே பண்ணிக்கல. இப்ப சோறு கூட தனியாத் துன்ற. என்னால ஒனக்கு இன்னாண்ணா சுகம்?"

ஒரு வாக்கியத்தில் அவளை விடுவித்திருக்கலாம். நான் மணம் செய்யாதது அவளுக்காக அல்ல. பதினைந்து வயதுக்குள் எனக்கும் இரண்டு முறை எலும்பு முறிந்திருக்கிறது. என் கண்ணின் வெள்ளையும் நீலம்தான்; தடித்த கண்ணாடி அதை மறைத்துவந்தது. மிக இலேசாக எனக்கும் அது இருந்தது. எனக்குப் பிறக்கும் குழந்தைக்கு அதைக் கொடுத்துவிடுவேனோ என்ற அச்சத்தில்தான் தனியே இருந்தேன். தங்கைக்காகத் தியாகம் செய்தவன் என்று ஊர் சொன்னது. அவளும் நம்பினாள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. கதவுக்கு இப்பால் நின்று, "அப்படியெல்லாம் பேசாதே" என்று மட்டும் சொன்னேன்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. வளைந்த முதுகெலும்பு நுரையீரலுக்கு விட்டுவைத்திருந்த இடம் குறைவு. ஆறாம் நாள் போய்விட்டாள். தாடைக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பு சொல்ல முடியாது என்றார்கள் மருத்துவர்கள். உறவினர்கள் தொடர்பு சொன்னார்கள். தாடை ஆறாதபோதே பல் டாக்டர்மேல் ஊரெல்லாம் பழி பேசியவர்கள், அவள்தான் கொன்றுவிட்டாள் என்று சாவு வீட்டிலேயே பேசினார்கள். மறுத்து ஒரு சொல் நான் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பால் தெளித்து எலும்பு எடுக்கப் போனோம். சுடுகாட்டுப் பணியாளர் சாம்பலை விரலால் அளைந்துகொண்டிருந்தார். காலிலிருந்து தலைவரை பகுதிக்கொன்றாக எலும்பெடுத்துப் பானையில் அடுக்கி, தலைமாட்டில் ஒரு பல் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"ஒன்னுமே நிக்கலீங்க சார். தொட்டா மாவாப் பூடுது." பிறகு நீளமான ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இன்னாங்க இது, கம்பி?"

தொடையெலும்புக்குள் வைத்திருந்த கம்பி. நெருப்பு அதன்மேல் நீலமும் பழுப்புமாகப் படிந்திருந்தது.

"பல்லு ஒன்னாச்சும் கெடைக்குமான்னு அலசிட்டேங்க. எல்லாருக்கும் கெடைக்கும். இவங்களுக்கு ஒன்னு கூட இல்ல."

பல் இல்லாத பானையை மணலூர்பேட்டைக்கு எடுத்துப்போய்ப் பெண்ணையாற்றில் கரைத்தோம். கம்பி பானைக்குள் அடங்கவில்லை. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சின்னம்மா மகன், எனக்குத் தம்பி முறை, நைனார்பாளையத்தில் கரும்பு போட்டிருப்பவன், அதைப் பார்த்ததும் முகம் சுளித்தான்.

"அத்த ஆத்துலயே வுட்டுட்டு வந்திருக்கலாம்ணே. வர்றவங்க போறவங்க கண்ணுல பட்டா இன்னான்னு கேப்பாங்க."

அவன் அதை ஏன் சொன்னான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பதினைந்தாம் நாள் காலை அவன் தட்டச்சு செய்த மனு ஒன்றுடன் வந்தான். கவனக்குறைவாகப் பல்லைப் பிடுங்கி உயிரிழப்புக்குக் காரணமான மருத்துவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"ரெண்டு மாசமா அங்க ஒரு ஈ காக்கா போவலண்ணே. காலி பண்ணப் போறாளாம். அதுக்குள்ள குடுத்துடணும். நாளைக்குக் காரியம் முடிஞ்சதும் போட்டுக் குடு."

மனுவை உணவு மேசையில் வைத்துவிட்டுப் போனான். உச்சிவேளை. அதன் அருகில் தட்டை வைத்து உட்கார்ந்தேன். முதல் வாய். 'டக்'.

பன்னிரண்டு நாளாக அந்தச் சத்தத்தோடு சாப்பிட்டு வந்தேன். அன்றுதான் மூலத்தைத் தேடினேன். காதுக்கு முன்னால், தாடை மண்டையோட்டோடு சேரும் இடத்தில், இரு கை விரல்களையும் வைத்து மெதுவாக மென்றேன். இடப்பக்க விரலுக்கடியில் ஏதோ நழுவி, மீண்டும் வந்து விழுந்தது. ஒலி எதிர் நாற்காலியில் கேட்டது. துடிப்பு என் விரலில் இருந்தது.

கண்ணாடி முன் நின்று டார்ச்சை வாய்க்குள் செலுத்தினேன். என் பற்கள் மஞ்சள்தான், வயதின் மஞ்சள் என்று நினைத்திருந்தேன். வெளிச்சம் கீழ்ப் பற்களின் பின்னிருந்து நுழைந்து, முன்பக்கம் தேன் நிறமாக வெளிவந்தது. கண்ணாடியில் சிறிது நேரம் என் தங்கையின் வாய் திறந்திருந்தது. ஏதோ சொல்லப் போவதுபோல் இருந்தது. சொல்ல வேண்டியவன் நான்தான் என்பதால் அது காத்திருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். பந்தியில் இலை போட்டார்கள். நான் இன்னும் சோற்றைத் தொடவில்லை. 'டக்' என்றது.

என் வாய் மூடியிருந்தது. தாடை அசையவில்லை. ஆனாலும் மறுபடி கேட்டது. எதிர்வரிசையில் தம்பியின் மகள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். படித்து முடித்த பெண், இருபத்துநான்கு வயது. பக்கத்திலிருந்தவள் ஏதோ சொல்ல, சிரித்தாள். சிரிக்குமுன் இடக்கை எழுந்து வாயை மூடியது. கைக்கு மேலே கண்கள். அவற்றின் வெள்ளையில் நீலம். ஒரு கணம் எனக்கு அந்தப் பந்தி முழுவதும் என் தங்கை ஒருத்தியே அமர்ந்திருப்பதாகப் பட்டது.

இலையை மூடிவிட்டு எழுந்தேன். தம்பி பேனாவுடன் வந்தான்.

"போட மாட்டேன்" என்றேன். "தப்பு அந்த டாக்டர் மேல இல்லை. அவங்க கேட்டாங்க. நான் மறைச்சேன்."

"இன்னாத்த மறைச்ச?"

"பாப்பாவுக்கு எலும்பு நோய் இருந்ததை. அதுக்கு ஊசி போட்டுக்கிட்டதை. எனக்கும் அந்த நோய் இருக்கு. நம்ம அம்மாங்க வழியில வர்றது."

அவன் வாசலைப் பார்த்தான். குரல் இறங்கியது. "மெதுவாப் பேசுண்ணே. சம்பந்தம் பேசற வூட்டாளுங்கள்லாம் கீறாங்க. தையில எம்பொண்ணப் பாக்க வர்றாங்க." மனுவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "வுடு. மனுவும் வாணாம், ஒன்னும் வாணாம்."

"டாக்டரைப் பத்திப் பேசின பேச்சு?"

"அத்த ஜனங்க மறந்துடுவாங்க. நீ கம்முனு இரு."

அந்த வாக்கியம் எங்கள் அம்மாவின் குரலில் கேட்டது. அதைக் கேட்டு அடங்கியிருப்பேன். ஆனால் அவன் மகள் பின்னால் நின்றிருந்தாள்.

"பெரியப்பா, இன்னா நோயி அது?"

"ஒன்னுமில்ல, நீ போய் அவங்களுக்குத் தண்ணி ஊத்து" என்றான் அவன்.

அவள் நகரவில்லை. "எனக்கும் பல்லு இப்பிடித்தான் கீது. தண்ணின்னு சொன்னாங்க. போன வருஷம் கையி முறிஞ்சப்ப வழுக்கி வுழுந்தேன்னு சொல்லச் சொன்னாங்க. நான் வழுக்கவே இல்ல பெரியப்பா. பக்கெட்டத்தான் தூக்கினேன்."

நோயின் பெயரை அவளிடம் சொன்னேன். பந்தியில் இருந்தவர்களுக்குக் கேட்கும் அளவில் சொன்னேன். தலைகள் திரும்பின. தம்பி என்னைப் பார்த்த பார்வையில் இனி இந்த வீட்டுக்கு வரமாட்டான் என்பது தெரிந்தது. இதுவரை வரவில்லை.

மறுநாள் சேலம் சாலை மாடிக்குப் போனேன். பெஞ்சில் யாரும் இல்லை. உள்ளே அட்டைப் பெட்டிகளில் பொருள்கள் பாதி அடுக்கப்பட்டிருந்தன. மருத்துவர் என்னைக் கண்டதும் எழுந்து, சுவரோரம் ஒதுங்கி நின்றார். அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

நின்றபடியே சொன்னேன். நோய், ஊசி, புதுச்சேரியில் சொன்ன எச்சரிக்கை, போர்த் தண்ணீர். சொல்லி முடிக்கச் சில நிமிடங்களே ஆயின. அவர் அலமாரியிலிருந்து தங்கையின் அட்டையை எடுத்தார். அதைத் தேட வேண்டியிருக்கவில்லை, மேலேயே இருந்தது. பல முறை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"ரெண்டு தடவ திரும்ப வந்தீங்களே சார்" என்றார். "அப்பகூட சொல்லலியே."

"சொல்லவில்லை."

அட்டையோடு இருந்த எக்ஸ்ரேயை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். "எக்ஸ்ரேல வேர் ரொம்ப மெலிசா இருந்துச்சு. இன்னொரு தடவ நானும் கேட்டிருக்கணும்." பிறகு, 'தண்ணீர்க் கறை' என்றிருந்த இடத்தை ஒரே கோடாக அடித்து, மேலே சரியானதை எழுதினார். "அந்தம்மா எதாச்சும் சொன்னாங்களா, என்னப் பத்தி?"

"உங்களைத் திட்டியதில்லை. என்னையும் திட்டியதில்லை."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. உறவினர்களிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். யார் கேட்டாலும் எழுதித் தருகிறேன் என்றேன். என் தம்பியின் மகள் ஒருத்தி வரக்கூடும் என்றும் சொன்னேன்.

"வரட்டும். எல்லாத்தையும் சொல்லிட்டு வரச் சொல்லுங்க." என் முகத்தைக் கவனித்தார். "பேசும்போது உங்களுக்கு எடப்பக்கம் சத்தம் வருது. எவ்வளவு நாளா?"

"தெரியாது. அவளுடையது என்று நினைத்திருந்தேன்."

பெட்டியிலிருந்து கருவிகளை மீண்டும் வெளியே எடுத்து வைத்தார். நாற்காலியில் சாய்ந்தேன். படியேறி யாரோ வந்து பெஞ்சில் உட்காரும் அரவம் கேட்டது. மருத்துவர் திரையை இழுக்கப் போனார்.

"திறந்தே இருக்கட்டும்" என்றேன்.

விளக்கைத் தாழ்த்தினார். "வாயத் தொறங்க."

திறந்தேன். 'டக்' என்றது. மருத்துவர் குனியாமல் அப்படியே நின்றார்.

"கைய எடுங்க சார்."

என் வலக்கை எப்போது எழுந்து வாயை மூடியதோ தெரியவில்லை. எடுத்தேன்.